அடைத்துக்கொண்ட ஃபில்டர்

பள்ளி விடும் நேரம் நெருங்குகிறது. பிள்ளைகளை அழைத்துவர வேண்டிய வேன் ஷெட் வாசலிலேயே மூச்சடைத்து நிற்கிறது. டிரைவர் அதன் அடியில் மல்லாந்து படுத்து ஃபில்டரைக் கழற்றுகிறார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடிப்பவள் அவருடைய மருமகள். பழைய சமையல் எண்ணெயில் செய்யும் பயோடீசலுக்கு மாறலாம் என்று சொன்னவளும் அவள்தான். கறுப்புக் கசடு அவர் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு இறங்குகிறது. “நல்லா ஓடிக்கிட்டிருந்த வண்டி. இது உள்ள வந்த நாள்லேர்ந்து ஒரே தொல்லை.” டார்ச் வெளிச்சம் லேசாக ஆடி, மறுபடி நிலைக்கிறது. “அது கொண்டுவந்த அழுக்கு இல்ல மாமா. டீசல் ஊத்துன காலத்துலேர்ந்து டேங்க்ல படிஞ்சு கிடந்தது. இது கழுவி வெளிய கொண்டுவருது.” அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான். “கழுவுறதும் அதுதான், பேச்சு வாங்குறதும் அதுதான்.” தகர டப்பாவில் கசடு சொட்டுகிறது. பிறகு கறுத்த கை ஒன்று வெளியே நீள்கிறது. கேட்பதற்கு முன்பே புது ஃபில்டரை அதில் வைக்கிறாள். கை உடனே உள்ளே போகவில்லை. “கால் மரத்துப்போயிருக்கும். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரும்மா.” டார்ச்சை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, அவள் அப்படியே குந்தியிருக்கிறாள்.