எங்கள் எம்.எல்.ஏ. ஒரு பொய்யர்

"வரட்டும் அந்த ஆளு. இன்னிக்கு நாக்கைப் புடுங்கிக்கறா மாதிரி கேக்கறேன்" என்றாள் மரகதம்.

அந்த ஆள் என்றால் எங்கள் சுயேச்சை எம்.எல்.ஏ. ஏகாம்பரம்.

மரகதம், பென்னலூரில் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வரிசையாக ஏழு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருப்பவள். எல்லாம் தரைத்தளம். ஐப்பசி மழையில் பின்னாலிருக்கும் ஓடை அடைத்துக்கொண்டால் தண்ணீர் நேரே கட்டிலுக்கு வந்துவிடும்.

இப்படித்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் வந்த வெள்ளத்தில், ஒரு விரால் மீன் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி ஒரகடம் வரை போனதாகச் சொல்கிறார்கள். சுத்தப் புளுகு. அது வல்லக்கோட்டையிலேயே இறங்கிவிட்டது. நானே பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். காலையிலிருந்து எல்லார் செல்போனிலும் சட்டசபைக் காட்சிதான் ஓடிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் எழுந்து, "பென்னலூர் ஓடை அடைத்துக் கிடக்கிறது. துறை தூங்குகிறதா?" என்று கேட்கிறார்.

அமைச்சர் ஒரு போட்டோவைத் தூக்கிக் காட்டுகிறார். "இது நேற்று எடுத்தது. அடைப்பு எங்கே இருக்கிறது? மாண்புமிகு உறுப்பினர் கனவில் பார்த்திருப்பார்!"

சபையே சிரிக்கிறது.

பிறகு வெள்ளத் தடுப்பு நிதிக்கு வாக்கெடுப்பு. எல்லாரும் "ஆம்" என்று குரல் கொடுக்க, ஏகாம்பரம் மட்டும் ஒற்றை ஆளாக எழுந்து நின்று "இல்லை" என்கிறார்.

"நம்ம ஊருக்கு வர்ற காசையே வேணாங்கறாரே, இது இன்னா புத்தி?" என்றாள் மரகதம்.

"எனக்கும் ஒண்ணும் வெளங்கலக்கா" என்றாள் முத்துச்செல்வி. தென்காசிப் பக்கத்துப் பெண். கடைசி ரூமில் குடியிருக்கிறாள். செல்போன் கம்பெனியில் லைன் வேலை. "போன வாரம் ஓடையில அடைப்பு கெடந்துச்சுல்லா?"

"கெடந்துச்சே! தெர்மாகோலு, ஆகாயத்தாமரை, ஒரு சோபா கூடக் கெடந்துச்சு."

"இப்பம் போயிப் பார்த்தேன். ஒண்ணுங் கெடயாது. தண்ணி சும்மா ஜோரா ஓடுது."

"முந்தாநேத்து நாலு மிஷினு வந்து விடிய விடிய அள்ளினு போச்சே! யார் அனுப்பிச்சது?"

"மந்திரிதான் அனுப்பியிருப்பாரு."

"அப்ப மந்திரி நல்லவரு. இவருதான் பொய்யரா?"

"இவரும் பொய் சொல்லலியேக்கா. அடைப்பு இருந்துச்சுல்லா?"

மரகதம் தலையைச் சொறிந்தாள். பக்கத்தில் நின்ற நானும் என் பங்குக்குச் சொறிந்து வைத்தேன்.

கொடி இல்லாத பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு ஏகாம்பரம் வந்து இறங்கினார்.

"வாங்க சார். பொய் சொல்லி முடிச்சாச்சா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும்மா" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மிஷினு அனுப்பறவருக்கு எதிரா ஓட்டுப் போடறீங்களே, எங்க வூட்ல தண்ணி பூந்தா உங்களுக்கு இன்னா?"

அவர் கோபப்படவில்லை. "ஜெயிச்ச மொத வருஷம் நான் என்ன செஞ்சேன்?"

"நிதிக்கு ஆதரவா ஓட்டுப் போட்டீங்க. மந்திரியைக் கும்புட்டுக் கேட்டீங்க."

"அவர் என்ன சொன்னார்?"

"பரிசீலிக்கறோம்னார்."

"அவங்க பரிசீலிச்சுக்கிட்டு இருக்கும்போதே உன் கட்டில் மிதந்துச்சா, இல்லையா?"

மரகதம் உள்ளே கிடந்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன வருசம் எதுத்து ஓட்டுப் போட்டீங்க" என்று முத்துச்செல்வி மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பமும் பொய்யருன்னு சிரிச்சாவ. ஆனா தண்ணி வரல…"

"அவ்வளவுதான் தாயி. ஆதரிச்சவன் கேட்டா, நம்ம ஆளுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுடறாங்க. எதிர்த்தவன் சபையில கேக்கப் போற கேள்வியை முன்கூட்டியே எழுதிக் குடுத்தா, அவனைப் பொய்யனாக்கியே தீரணும்னு, பதில் சொல்ற நாளுக்குள்ள ஓடையைத் துடைச்சு வெச்சுடறாங்க."

முத்துச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மரகதத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"சபையே சிரிச்சுதே சார்."

"சிரிக்கட்டும். ரோட்டுக்கு அடியில போற பெரிய குழாய் இன்னும் அடைச்சுத்தான் கெடக்கு. அதை வியாழக்கிழமை கேக்கப் போறேன். மழைக்கு முன்னாடி இன்னொரு தடவை என்னைப் பொய்யனாக்கிட்டாங்கன்னா உன் ஏழு ரூமும் தப்பிச்சுது. ஆனா ஒண்ணு, நான் வேணும்னேதான் திட்டு வாங்கறேன்னு மேல தெரிஞ்சா, ஒரு மிஷினும் வராது."

அந்த நேரம் பார்த்து ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் புல்லட்டில் வந்தார். எம்.எல்.ஏ.வின் காரைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, கழுத்தை நீட்டினார்.

மரகதம் ஒரு கணம் ஏகாம்பரத்தைப் பார்த்தாள். அடுத்த கணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள்.

"யோவ் பொய்க்காரா! அந்தக் குழாய்ல இன்னாய்யா அடைப்பு கீது? மந்திரி எவ்ளோ செய்யறாரு, அவரைப் போயி எதுக்கறியே! இனிமே எங்க தெருவுல காலை வெச்சே, அவ்ளோதான்!"

ஏகாம்பரம் தலையைத் தொங்கப் போட்டபடி அவளைத் தாண்டிக் காருக்கு நடந்தார். தாண்டும்போது, உதடு அசையாமல் கெஞ்சினார்:

"புல்லட் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காதும்மா. இன்னும் கொஞ்சம் சத்தமாத் திட்டு."