தொட்டி நிரம்பியிருக்கிறது

மூன்று மணி வெயிலில் எட்டாவது ஆள் மயங்கி விழுந்தார்.

எட்டுப் பேரும் பெண்கள்.

மலையடிவார யாத்ரீகர் ஓய்வுக் கொட்டகை பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. உதடு வெடித்திருந்தது. இவ்வளவு தூரம் நடந்தே வந்தவர், இனிமேல்தான் மலை ஏற வேண்டும்.

பத்தடி தள்ளி, பெண்களுக்கென்றே வைத்த ஐயாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி. எங்கள் சுகாதார அதிகாரி அதை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். வாயெல்லாம் பல்.

“காலையில ரொப்பினது அப்படியே இருக்கு. குளோரினும் சரியா இருக்கு. எழுதிக்கோங்க, குடிநீர் போதுமானது.”

எழுதினேன். அந்தப் படிவம் ஐந்து மணிக்கு மேலிடத்துக்குப் போகும். நாளை யாத்திரையின் கடைசி நாள், இன்றைப் போல மூன்று மடங்கு கூட்டம் வரும். படிவத்தில் இருப்பதற்குத்தான் ஏற்பாடு நடக்கும். அதில் இல்லாததை அந்தக் கடவுளே வந்து சொன்னாலும் எடுபடாது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதிகாரி மேல் இல்லை, இந்தப் பெண்கள் மேல். பன்னிரண்டு வருஷமாக இந்த யாத்திரையில் நர்ஸ் வேலை, வருஷா வருஷம் இதே கூத்து. தண்ணீர் குடியுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று ஒலிபெருக்கியில் தொண்டை கிழியக் கத்துகிறேன். காதில் போட்டுக்கொண்டால்தானே! விரதம், வேண்டுதல் என்று எதையாவது சொல்லிவிட்டுப் பொத்தென்று விழுவார்கள். தூக்க நான் ஓட வேண்டும்.

விழுந்தவரின் நாத்தனார் தலைமாட்டில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“கண்ணுக்கு முன்னாடி தண்ணி இருக்கு, ஒரு வாய் குடிச்சா என்ன? சாமி கோவிச்சுக்குமா?”

விசிறிய கை நின்றது. அதிகாரியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“சாமி ஏன் கோவிச்சுக்குது? குடிச்சா போகணுமேம்மா. அங்க ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் இல்ல, வெளியே பூரா ஆம்பளைங்க. விடியறதுக்கு முன்னாடி போனோம், இனி இருட்டினாத்தான்.”

படிவத்தின் முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். ‘பெண்கள் கழிப்பறை: இருபது. நிலை: நன்று.’ என் கையெழுத்துதான். நேற்று வெளியே நின்றபடியே கதவுகளை எண்ணிவிட்டு வந்திருந்தேன். உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

விழுந்தவர் கண்ணைத் திறந்தார். அப்பாடா! உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்தேன். கரைக்கத் தொட்டிவரை போய்வரப் பொறுமையில்லை. தோள்பையிலிருந்து என் பாட்டிலை எடுத்து நாத்தனாரிடம் நீட்டினேன்.

அவர் கை கனத்தில் ஒரு கணம் தாழ்ந்தது.

காலை ஆறு மணிக்கு என் மகள் கழுத்துவரை நிரப்பிக் கொடுத்த பாட்டில். இன்னும் கழுத்துவரை இருந்தது.

“நீங்களுமாம்மா?” என்றார்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்றைக்கு மட்டுமா? பன்னிரண்டு வருஷமும் பாட்டிலை இப்படித்தான் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோயிருக்கிறேன். ஒருநாளும் ஏன் என்று யோசித்ததில்லை.

‘நன்று’ என்பதை அடித்தேன். ‘போதுமானது’ பக்கத்தில் ‘பெண்கள் யாரும் குடிக்கவில்லை’ என்று எழுதினேன்.

“சார், அஞ்சு மணிக்குள்ள இருபது தாழ்ப்பாள் வேணும். பெண்கள் பக்கம் காவலுக்கு ரெண்டு பொம்பளைப் போலீஸும் வேணும்.”

அதிகாரி புருவத்தைத் தூக்கினார். “யாராவது புகார் குடுத்தாங்களா?”

“நான்தான் குடுக்கறேன். எனக்குக் காலையிலேருந்து போகணும் சார்.”