காத்து மிஷின்

"கிட்ட வந்தா வெட்டிருவேன்!"

தேயிலைச் செடியின் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கியபடி, மோட்டார் சுவிட்சை முதுகால் மறைத்து நின்றாள் இசபெல். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கூடியிருந்த சனம் இரண்டடி பின்வாங்கியது.

பக்கத்தில் கழிவுத் தொட்டியின் வாய் திறந்து கிடந்தது; ஒரு கயிறு உள்ளே இருட்டுக்குள் தொங்கியது. ஆஸ்பத்திரிக் கழிவுத் தண்ணீருக்குள் குழாய் வழியாகக் காற்றடித்துச் சுத்தமாக்கும் தொட்டி அது. குழாய் அடைத்துக்கொண்டதால் தண்ணீரை இறைத்து, மிஷினையும் நிறுத்திவிட்டுத்தான் கந்தப்பன் உள்ளே இறங்கியிருந்தான். இப்போது அவன் சேற்றில் மயங்கிக் கிடக்க, மிஷின் காதைப் பிளந்துகொண்டு ஓடியது.

"ஆளு உள்ள இருக்கையில மிஷின எதுக்குடி போட்ட?" தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு பத்திநாதன் கத்தினார். "நாத்தக் காத்த அடிச்சு ஆளக் கொல்லப் பாக்குறியா?"

"நிப்பாட்டாதீங்கய்யா! நல்ல காத்துதான் போகுது. நிப்பாட்டுனா உசிரு போயிரும்!"

அவள் இன்னும் என்னவோ கத்தினாள். இரைச்சலில் வாய் அசைவதுதான் தெரிந்தது. கேட்ட பாதியையும் யாரும் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. முன்பு அந்த மிஷினை ஓட்டியவன் அவள் புருசன் லியனார்ட். வேலை நேரத்தில் தூங்குகிறான் என்று இல்லாததைச் சொல்லி, அவனைக் கவ்வாத்து மலைக்குத் துரத்திவிட்டு அந்த இடத்துக்கு வந்தவன் கந்தப்பன். அன்று காலைதான், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும், "நீ நாறித்தான்டா சாவே!" என்று மண்ணை வாரித் தூற்றியிருந்தாள் இசபெல்.

கந்தப்பன் பொண்டாட்டி வேலாயி கொழுந்துக் கூடையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து விழுந்தாள். "அக்கா, எங்க மேல உள்ள கோவத்த உசிருல காட்டாத அக்கா! அவர விட்ரு!"

இசபெல்லின் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கத்தி மட்டும் இறங்கவில்லை. மோட்டாரிலிருந்து கருகல் வாடையோடு புகை கிளம்பியது.

அப்போது தொட்டிக்குள் தொங்கிய அந்தக் கயிறு வெடுக்கென்று ஆடியது. கூட்டத்தில் நின்ற தொழிலாளி சோலைமலையும் இன்னும் சிலரும் பாய்ந்து இழுத்தார்கள்.

கந்தப்பன் மேலே வந்தான். கண் செருகி, கைகால் துவண்டிருந்தது. அக்குளுக்கடியில் கயிறு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. சோலைமலை அதை அவிழ்த்து வீசிவிட்டு, கந்தப்பனின் நெஞ்சை அழுத்தினான். ஒரு வாந்தி. பிறகு, இழுத்து இழுத்து மூச்சு.

வேலாயி அவன் மேல் விழுந்து கதறினாள்.

"ஆளு வந்தாச்சில்ல, மோட்டார் எரிஞ்சு போறதுக்குள்ள நிப்பாட்டு!" பத்திநாதன் இசபெல்லின் மணிக்கட்டை முறுக்கினார். கத்தி விழுந்தது. அவளைத் தள்ளிவிட்டுச் சுவிட்சை இறக்கினார்.

மிஷின் அடங்கியது.

அந்த அமைதியில், தொட்டிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது.

சனம் விறைத்து நின்றது. இசபெல் கயிற்றை வாரிக்கொண்டு ஓடி, தொட்டி வாயில் குப்புற விழுந்தாள்.

"ஏங்க! கயிறு வருது, கெட்டியாப் புடிச்சுக்குங்க!"

கீழே கனம் ஏறிக் கயிறு விறைப்பானது. பத்திநாதன்தான் முதலில் ஓடிவந்து பிடித்தார்.

இருட்டிலிருந்து இருமலுக்கு நடுவே லியனார்ட்டின் குரல் மேலே வந்தது:

"புள்ள... கந்தப்பன் பொழச்சுட்டானா?"