நடுவில் நிற்கும் வாக்கு

புலம்பெயர்ந்த பனிநாட்டில், அம்மருட் என்னும் புறநகரின் மண்டபத்தில் கட்சிக் கிளை, மாநாட்டுக்கு அனுப்ப ஒரு பேராளரைத் தேர்ந்தெடுக்கிறது. அமெரிக்கப் பாணியாம், வாக்குச்சீட்டு இல்லை, விரும்பியவர் பக்கம் போய் நிற்க வேண்டும். மேடையோரம், நன்றியுரையை முன்கூட்டியே சட்டைப்பையில் வைத்திருக்கும் பாலேந்திரன். சன்னலோரம், பேருந்து ஓட்டும் துஷ்யா. இரு பக்கமும் சரிசமம். இன்னும் நகராமல் நடுவில் நிற்பவர் ஒருவர்தான்: வடைத்தட்டோடு, பாலேந்திரனின் மனைவி மங்களேஸ்வரி. "இஞ்சேரப்பா, வாருமன். என்ன யோசினை?" என்கிறார் கணவர். "பொறுங்கோப்பா. யோசிக்கத்தானே கூப்பிட்டவை." வெளியே குவிந்த பனி, சன்னல் வழியே வெள்ளை வெளிச்சத்தை விரிக்கிறது. வடைத்தட்டைக் கணவரின் கைகளில் கொடுத்துவிட்டு மங்களேஸ்வரி அந்த வெளிச்சத்துக்குள் நடக்கிறார். தேர் அசைவதைப் பார்ப்பதுபோல் மண்டபம் மூச்சடக்கிப் பார்க்கிறது. துஷ்யாவின் அருகே போய், சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். பாலேந்திரனும் தட்டியிருப்பார், இரண்டு கைகளிலும் வடைத்தட்டு.