சிரிக்கிற தலை

சியோலில் படப்பிடிப்பு தொடங்குமுன் பன்றித்தலை வைத்துப் படையல் போட்டால் விபத்து நேராது என்பது நம்பிக்கை. மேசையில் அவித்த தலை ஒன்று பல் தெரியச் சிரிக்கிறது. சிரிக்கிற தலைக்குத்தான் ராசி. பாட்டு வீடியோவில் முதல் வாய்ப்புக்குப் புது ஷூ போட்டு வந்த நடனக்காரி ஹேவோன், அறையெங்கும் கேமராவைத் தேடுகிறாள்.

“ஷூட்டிங் எங்க சார்?”

“ஒத்திகையில ஆடினீங்கல்ல, அதை ஏஐக்குக் கொடுத்தோம்மா. பாட்டு முழுக்க அதுவே ஆடிருச்சு. கால் சுளுக்கே இல்ல!” என்கிறார் டைரக்டர் பியோன்.

“அப்போ படையல் எதுக்கு?”

“கம்ப்யூட்டர் நின்னுடக் கூடாதுல்ல. கும்பிடுங்க, அடுத்த வீடியோவுல பாப்போம்.”

கம்ப்யூட்டர் திரையில், கொட்டும் மழையில் நனையாமல் ஆடுகிறது ஹேவோனின் முகம், அவளுக்கில்லாத கன்னக்குழியோடு. இந்த வீடியோவுக்கு நேரில் தேவைப்பட்ட தலை பன்றியினுடையது மட்டும்தான். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, மண்டியிட்டு, நெற்றி தரையில் பட அவள் வணங்குகிறாள். நிமிர்ந்தால், மேசையில் பன்றியும் திரையில் அவளும் ஒரே மாதிரிச் சிரிக்கிறார்கள்.