துவக்கும் தும்புத்தடியும்

உலகப்போர்க் காலத்து ராணுவத் துவக்கொன்றை விக்கினராசாவின் லண்டன் வீட்டு மேசையில் கிடத்தினான் அன்ரன்.

“நாளைக்கு எங்கட ரைபிள் கிளப்பில போட்டி, அண்ணை. சுட்டாப் பிறகு தோட்டாவின்ர வெறுங்கோது வெளியில வருதில்லை. ஊரில சண்டைக் காலத்தில இயக்கத்தில துவக்குத் திருத்தின உங்களை விட்டா தோர்ண்டன் ஹீத்தில வேற ஆர்?”

விக்கினராசா மீசையை நீவிக்கொண்டார். குசினியிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி மலரைக் கண்டதும் முகம் கோணியது.

“உனக்கென்ன இஞ்ச விடுப்புப் பார்வை? இது ஆம்பிளையளின்ர அலுவல். போய்த் தேத்தண்ணியைப் போடு!” என்றவர், அன்ரனிடம் திரும்பினார். “துவக்குக்கும் கூட்டுற தும்புத்தடிக்கும் வித்தியாசம் தெரியாததுகள்!”

அன்ரன் விழுந்து விழுந்து சிரித்தான்.

விக்கினராசா ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் பார்த்தார். “உம்” என்றார். துவக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் “உம்” என்றார்.

பக்கத்து வீட்டு வாசலை மறித்து விட்டிருந்த காரை எடுக்க அன்ரன் வெளியே போனதுதான் தாமதம், குசினிக்குள் பாய்ந்தார்.

“மலர், கெதியாச் சொல்லடி. உதில என்ன பழுது?”

இயக்கத்தில் துவக்குத் திருத்தியவள் அவள். ‘பொம்பிளை இயக்கத்தில இருந்தவள் எண்டா சனம் என்ன கதைக்கும்?’ என்று கலியாணத்தோடு அவள் வாயை அடைத்தவர், அந்தக் கதையைத் தன் கதையாக்கி லண்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

கோதைப் பிடித்திழுக்கிற கொளுக்கிதான் தேய்ந்திருக்கிறதென்று, அன்ரன் சொன்னபோதே மலருக்குப் பிடிபட்டிருந்தது.

வாசற்கதவு திறந்தது. தேத்தண்ணித் தட்டை அவர் கையில் திணித்தாள் மலர்.

“துவக்குக்கும் தும்புத்தடிக்கும் வித்தியாசம் தெரியாத என்னட்டையோ கேக்கிறியள்?”