குதிகால் சொன்ன உயரம்

“பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா குதிகால் இப்படி நொறுங்காது ஹரீஷ். எங்கேருந்து குதிச்சீங்க?”

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு டாக்டர் மேகலா கேட்டார். ஓசூரில் ஒரு கம்பெனியில் ஸ்கூட்டர் பாகங்களைச் சோதித்து, தேறாததை ஒதுக்கித் தள்ளுவதுதான் ஹரீஷ்குமாரின் வேலை. தன் பொய் தேறிவிடும் என்று அவன் எப்படி நம்பினானோ தெரியவில்லை. “வழுக்கித்தான் விழுந்தன் டாக்டர்” என்றான், மின்விசிறியைப் பார்த்தபடி.

கட்டிலருகே நின்றிருந்த அவன் அம்மா சென்னம்மாளுக்கு அந்த நிமிடமே சந்தேகம் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. பையனுக்குக் கல்யாணமாகி இன்னும் தாலிக் கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. ஆனால் வீட்டில் பெண்டாட்டி இல்லை.

அது ஜெயப்ரியாவின் குற்றமும் இல்லை. பாகலூரில் அவள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். அவர்களுக்கு, நம் ஆடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே வரும் ஆஷாட மாதம் பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். ஆஷாடம் முடிந்து அனுப்பலாம் என்று அவள் அப்பா ராமப்பன் போன் செய்தபோது, “எங்களுக்கு ஆடி நடக்குதுங்களே அண்ணா” என்றாள் வேப்பனப்பள்ளியிலிருந்து சென்னம்மாள். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஓசூர் வாடகை வீட்டில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தான்.

“கட்டினவ ஊர்ல இல்லாத நேரத்துல எவ வீட்டு மாடியிலருந்துடா குதிச்ச?” என்று டாக்டர் போனதும் சென்னம்மாள் ஆரம்பித்தாள். ஹரீஷ் வலிக்கிறது என்று முனகினான். அது உண்மையான வலிதான். ஆனால் கேள்வி வரும்போதெல்லாம் கூடியது.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் ராமப்பன் வந்தார். மாப்பிள்ளை விழுந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்திலிருந்து, ரோஜாத் தோட்டத்து பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸில் கிழிந்த ஷீட்டை மாற்றிக்கொண்டு ஏணியும் கையுமாக இருந்ததாகச் சொன்னார். ஹரீஷ் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். மாமனாருக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். கோபக்காரர். சொந்தத் தம்பியோடு வரப்புச் சண்டையில் இன்றுவரை பேச்சு வார்த்தை இல்லாதவர்.

எலும்பை நிமிர்த்தி பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்க வேண்டும், ஆனால் உடனே முடியாது, வீக்கம் வடிந்து தோலில் சுருக்கம் விழுந்த பிறகுதான் கத்தி வைக்கலாம் என்றார் டாக்டர். சும்மா படுக்க வைத்து வேடிக்கை பார்ப்பதற்கு எதற்கு ஆஸ்பத்திரி, கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று சென்னம்மாள் மூட்டை கட்டினாள். ராமப்பன்தான் கெஞ்சித் தடுத்தார். அதோடு நிற்கவில்லை. ஊருக்கே போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். தலையணை அடுக்கிக் காலைத் தூக்கி வைத்தார். மொட்டு அவிழ்ந்ததா என்று பார்ப்பவர் போலத் தினமும் காலையில் குனிந்து மாப்பிள்ளையின் குதிகாலைப் பார்த்தார். பெற்ற அப்பன் இருந்திருந்தால்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டார் என்று சென்னம்மாளே உருகிப்போனாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் உருகவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ஜெயப்ரியாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பையன் கேட்டபோது, ஆடி முடியட்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஒருவழியாகச் சுருக்கம் விழுந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் டாக்டர் மறுபடி வந்தார்.

“கடைசியா கேக்கறேன் ஹரீஷ். உயரத்துல இருந்து குதிச்சிருந்தா முதுகெலும்பும் அடிபட்டிருக்கலாம். அதையும் பாத்துட்டுத்தான் தியேட்டருக்குக் கொண்டு போக முடியும். எவ்வளவு உயரம்?”

ஹரீஷ் அம்மாவைப் பார்த்தான். மாமனாரைப் பார்த்தான்.

“பத்தடி இருக்குங்க டாக்டர்” என்றார் ராமப்பன்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பாலிஹவுஸ் ஷீட் மாற்ற ஆளில்லாமல் மாப்பிள்ளையைத் தான்தான் கூப்பிட்டதாகவும், மேலே இருந்து இறங்கும்போது தவறிவிட்டதாகவும் சொன்னார். தோட்டம் ஊருக்கு வெளியே இருக்கிறது, வீட்டுப் பக்கமே மாப்பிள்ளை வரவில்லை, அதனால் ஆடிக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

டாக்டர் முதுகுக்கு எக்ஸ்ரே எழுதிவிட்டுப் போனார். சென்னம்மாள் பிடித்துக்கொண்டாள். “கட்டிக் குடுத்த மாப்ளைய கூலிக்காரனாட்டம் மேல ஏத்துவீங்களா அண்ணா? இத்தன நாளா வாயத் தொறக்காம இருந்தீங்களே.” ராமப்பன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திட்டித் திட்டித் தொண்டை காய்ந்ததும் அவள் காபி வாங்கக் கீழே கேன்டீனுக்குப் போனாள்.

ஹரீஷுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பாலிஹவுஸ் பக்கமே போகவில்லை.

“எனக்காக நீங்க ஏன் மாமா பேச்சு வாங்கணும்?”

ராமப்பன் மஞ்சப்பையிலிருந்து ஒரு ஜோடி செருப்பை எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தார். ஹரீஷின் கல்யாணச் செருப்பு.

“எங்க வீட்டுக்குப் பின்னாடி தொவைக்கற கல்லு மறைவுல கெடந்துச்சு” என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். “நீங்களும் ஜெயப்ரியாவும் மாடியில பேசிகினு இருக்கறது தெரியாம, செவுத்துல சாத்தியிருந்த ஏணிய எடுத்துகினு போனது நான்தான் மாப்ள. அவ வெளிய நிக்கறா, உங்கம்மா காபியோட வர்றதுக்குள்ள இந்த வாட்டி கதவு வழியாவே பாத்துக்கங்க.”